மாற்றி எழுதிப் பார்த்தல்: ஒரு படைப்பின் நடையையும் அமைப்பையும் வாசிக்கும் வழி

கவிதையையோ கதையையோ அலசி எழுதப்படும் பல கட்டுரைகள் ஒரே சாயலில் இருக்கின்றன. இங்கே உவமை வந்திருக்கிறது, இங்கே உருவகம், இங்கே மோனை, இங்கே முரண். நடை எளிமையானது, அமைப்பு கச்சிதமானது. சொல்வதெல்லாம் உண்மைதான். ஆனால் படித்து முடித்த பிறகும் அந்தப் படைப்பைப் பற்றி எனக்குப் புதிதாக எதுவும் தெரிந்திருக்காது. அதே வாக்கியங்களை எடுத்து வேறொரு கவிதையின் கீழே வைத்தாலும் பொருந்திவிடும். உவமை இருக்கிறது என்று கண்டுபிடிப்பது அலசலின் தொடக்கம்கூட இல்லை என்று நான் நினைக்கிறேன். அந்த உவமை அங்கே இருந்து என்ன செய்கிறது, இல்லாவிட்டால் என்ன போயிருக்கும் என்று கேட்கும்போதுதான் வேலை ஆரம்பிக்கிறது.

அதைக் கேட்பதற்கு எனக்குத் தெரிந்த நம்பகமான வழி, ஆசிரியர் எழுதியதை மாற்றி எழுதிப் பார்ப்பது. ஒரு சொல்லை எடுத்துவிட்டு அதே பொருள் தரும் இன்னொன்றைப் போடுவது. இரண்டு வாக்கியங்களை இடம் மாற்றுவது. ஒரு பத்தியையே தூக்கிவிட்டுப் படிப்பது. மாற்றியதும் ஏதோ ஒன்று குறையும். குறைந்தது எது என்று சொல்ல முடிந்தால், அந்தச் சொல் அங்கே என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று சொல்லிவிட்டோம். எதுவுமே குறையவில்லை என்றால் அதுவும் ஒரு முடிவுதான். எல்லாச் சொல்லும் சம எடையோடு நிற்பதில்லை. எதைப் பற்றி எழுத வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று அப்போது தெரிந்துவிடும்.

அதற்கு முன் நேர்ப்பொருள் தெளிவாக வேண்டும். இதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆங்கில விமர்சகர் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கவிஞர் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, அவர்கள் எழுதித் தந்த கருத்துகளை ஆராய்ந்து 1929இல் புத்தகமாக வெளியிட்டார். 13 கவிதைகள். இலக்கியம் படிக்கும் மாணவர்களே கவிதையின் நேரடியான பொருளைப் பிடிக்கத் தடுமாறியிருந்ததை அந்தப் புத்தகம் காட்டியது. யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், எப்போது, என்ன நடந்திருக்கிறது: இந்த நான்குக்கும் ஒரு வரியில் பதில் எழுதி வைத்துக்கொள்ளாமல் நான் எந்தப் படைப்பின் நடையைப் பற்றியும் பேசத் தொடங்குவதில்லை. அப்புறம் ஒருமுறை வாய்விட்டுப் படிப்பேன். சின்னக் கவிதை என்றால் கையால் எழுதிப் பார்ப்பேன். கண் ஓடிவிடும் இடங்களில் கை ஓடாது. கை தயங்குகிற இடத்தில் ஒரு கோடு போட்டு வைத்தால் போதும், காரணத்தைப் பிறகு தேடலாம்.

சரி, ஒரு பாடலை எடுத்துக்கொள்வோம். குறுந்தொகையின் 25ஆம் பாடல், கபிலர் பாடியது.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

தலைவி தோழியிடம் சொல்கிறாள். அவன் திருமணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறான். நாங்கள் கூடிய அன்று வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான் இருந்தான். அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? தினையின் தாள் போன்ற சிறிய பசிய கால்களை உடைய, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்திருந்த குருகு என்ற நீர்ப்பறவையும் இருந்தது. நேர்ப்பொருள் இவ்வளவுதான்.

முதலில் வாக்கியங்களை எண்ணிப் பாருங்கள். முதல் இரண்டு அடிகளுக்குள் மூன்று வாக்கியங்கள் முடிந்துவிடுகின்றன. யாரும் இல்லை. தானே கள்வன். தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ. ஒன்று மறுப்பு, ஒன்று குற்றச்சாட்டு, ஒன்று கேள்வி. அதற்குப் பிறகு வரும் மூன்று அடிகளும் சேர்ந்து ஒரே வாக்கியம். படபடவென்று பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று மெதுவாகிவிடுகிறாள். அவளுடைய பேச்சு வாதத்திலிருந்து நினைவுக்குள் நகர்கிறது. அப்படி நகர்ந்ததை அவள் சொல்லவில்லை, வாக்கியத்தின் நீளம்தான் சொல்கிறது. இதை மாற்றிப் பார்க்கலாம். ‘ஒரு குருகு இருந்தது. அதன் கால் தினைத்தாள் போல இருந்தது. அது ஆரலைப் பார்த்துக்கொண்டிருந்தது’ என்று பின்பாதியையும் துண்டு துண்டாக எழுதினால், அவள் சாட்சி சொல்கிற மாதிரி ஆகிவிடுகிறது. நினைவின் இழுப்பு போய்விடுகிறது.

அந்த நீண்ட வாக்கியத்துக்குள் காட்சி எந்த வரிசையில் வருகிறது என்பதும் முக்கியம். முதலில் தினைத்தாள், அதன் பிறகு கால், அப்புறம் ஓடும் நீர், ஆரல், பார்வை. கடைசி அடிக்கு வந்த பிறகுதான் இது ஒரு குருகு என்று தெரிகிறது. தமிழில் பெயரெச்சங்களும் அடைகளும் பெயருக்கு முன்னால் வருவதால் இப்படிக் காக்க வைக்க முடிகிறது. முதலில் ‘குருகு’ என்று சொல்லிவிட்டால் கேட்பவர் மனத்தில் முழுப் பறவை வந்து நின்றுவிடும். கபிலரின் வரிசையிலோ நாம் தரையிலிருந்து மேலே பார்க்கிறோம், கால்கள் மட்டும் முதலில் தெரிகின்றன. தலை குனிந்திருந்த ஒருத்தியின் பார்வை இது என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம்தான். ஆனால் ஊகத்துக்கு ஆதாரமாகச் சொற்களின் வரிசையைக் காட்ட முடிகிறது.

அடுத்தது ‘உம்’. பாடலின் முதல் சொல் ‘யாரும்’. கடைசி அடியின் முதல் சொல் ‘குருகும்’. முதல் உம் எல்லோரையும் இல்லையென்று துடைத்துவிடுகிறது. இரண்டாவது உம் ஒன்றைச் சேர்க்கிறது. ‘யாரும் இல்லை’ என்று ஆரம்பித்தவள் ‘குருகும் உண்டு’ என்று முடிக்கும்போது தன் சொல்லைத் தானே திருத்திக்கொள்கிறாள். இல்லை என்பதற்கும் உண்டு என்பதற்கும் நடுவில்தான் பாடல் முழுவதும் இருக்கிறது. ‘குருகு உண்டு’ என்று உம்மை எடுத்துவிட்டுப் படித்தால், அது வெறும் தகவல். உம் இருப்பதால்தான் கேட்பவருக்கு அந்தச் சாட்சியின் பரிதாபம் உறைக்கிறது. வேறு யாராவது இருந்திருக்கக் கூடாதா என்ற ஏக்கம் அந்த ஓர் எழுத்தளவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தச் சாட்சியோ மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இப்போது கடைசி மூன்று சொற்கள். ‘தான் மணந்த ஞான்று குருகும் உண்டு’ என்பதுதான் தமிழின் இயல்பான வரிசை. காலத்தைச் சொல்லும் சொல் முன்னால் வரும், வினை முடிவில் வரும். அப்படி எழுதியிருந்தால் பாடல் ஒரு பறவையோடு முடிந்திருக்கும். கபிலர் ‘உண்டு’ என்று முடித்த பிறகு ‘தான் மணந்த ஞான்றே’ என்று போடுகிறார். அவள் எந்த நாளைப் பற்றிப் பேசுகிறாள் என்பது கடைசி வரை வெளியே வரவில்லை. யார் இருந்தார்கள், யார் இல்லை என்று சுற்றிச் சுற்றிப் பேசியவள், சொல்லக் கூசுகிற அந்தச் சொல்லை வாக்கியம் முடிந்த பிறகு, விட்டுப்போனதைச் சேர்ப்பது போலச் சொல்கிறாள். எனக்கு இந்தப் பாடலில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒரு பெண்ணின் கூச்சத்தையும் துணிச்சலையும் ஒரே சமயத்தில் காட்ட, சொற்களின் இடத்தை மட்டும் மாற்றினால் போதும் என்று கபிலருக்குத் தெரிந்திருக்கிறது.

ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். நான்காம் அடியில் மூன்று சீர்கள்தான் இருக்கின்றன, மற்ற அடிகளில் நான்கு. ‘குருகு மீனுக்காகக் காத்திருக்கும் இடத்தில் அடியும் குறுகி நிற்கிறது, கபிலரின் மேதைமை பாருங்கள்’ என்று எழுதத் தோன்றும். ஆனால் இந்தப் பாடலின் பா வகையான நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றுக்கு முந்தைய அடி மூன்று சீராக வர வேண்டும் என்பது விதி. நூற்றுக்கணக்கான பாடல்களில் அப்படித்தான் வருகிறது. அடி குறுகியது மரபின் வேலை. அந்தக் குறுகிய அடியில் எதை வைப்பது என்பது மட்டுமே கவிஞரின் தேர்வு. நடையை அலசுகிறவர் இந்த இரண்டையும் பிரித்துத்தான் ஆக வேண்டும். எது எல்லோரும் செய்வது, எது இவர் செய்தது என்று தெரியாமல் இவருடைய நடை என்று எதைச் சொல்வது? அதனால் ஒரு பாடலைப் பற்றி எழுத, அதே வகையில் இன்னும் பத்துப் பாடல்களையாவது படித்திருக்க வேண்டியிருக்கிறது. குறுக்குவழி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

என் வாசிப்புக்கு ஒத்துவராத ஒரு விவரமும் இந்தப் பாடலில் உண்டு. மீனுக்காகக் காத்து நிற்கும் குருகைக் கள்வனாகிய தலைவனோடு ஒப்பிட்டுப் படிப்பவர்கள் உண்டு, அந்த வாசிப்பு எனக்கும் பிடிக்கும். ஆனால் அப்படியென்றால் அதன் கால்களை ஏன் இவ்வளவு கனிவாகச் சொல்ல வேண்டும்? தினை குறிஞ்சிப் பெண்கள் காவல் காக்கும் பயிர். தன் புனத்தின் தாளைத்தான் அவள் அந்தப் பறவையின் காலில் பார்க்கிறாள். வேட்டையாடும் பறவை என்ற வாசிப்போடு இது முரண்படுகிறது. ஒருவேளை அவன்மேல் அவளுக்கு இன்னும் கனிவு போகவில்லையோ என்னவோ. இந்த மாதிரி ஒத்துவராத விவரத்தை மறைத்துவிட்டு எழுதும் கட்டுரை சீராக இருக்கும், ஆனால் பாடலை விடச் சிறியதாகிவிடும்.

இடைச்சொற்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல ஆசை. நடை என்றதும் நாம் பெரிய சொற்களைத் தேடுகிறோம், அரிய உவமைகளைத் தேடுகிறோம். தமிழில் நடையின் கணிசமான பங்கு ஏ, ஓ, உம், தான், ஆம் போன்ற துண்டுகளில் இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் கண்ணகியின் சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்ததும் பாண்டியன் சொல்வது: ‘யானோ அரசன் யானே கள்வன்’. நான்கு சொற்கள், ஒரு வினைகூட இல்லை. முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் அமைப்பில் வித்தியாசம் ஓகாரமும் ஏகாரமும்தான். யானோ என்பதில் கேள்வி இருக்கிறது, மறுப்பு இருக்கிறது, தன்னை இனி அரசன் என்று சொல்லிக்கொள்ள முடியாத அதிர்ச்சி இருக்கிறது. யானே என்பதில் சந்தேகம் முடிந்துவிட்டது. ‘நான் அரசன் இல்லை, நான்தான் திருடன்’ என்று எழுதிப் பாருங்கள். தகவல் அப்படியே இருக்கிறது. ஆனால் ஓர் உயிரெழுத்துக்கும் இன்னோர் உயிரெழுத்துக்கும் நடுவில் ஒரு மனிதன் இடிந்துபோவது அதில் இல்லை.

அதே காதையில் கொஞ்சம் முன்னால் போனால் இன்னொன்று தெரியும். ‘கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று’ என்று பாண்டியன் கண்ணகியிடம் சொல்கிறான், கள்வனைக் கொல்வது கொடுங்கோன்மை ஆகாது என்று. அங்கே கள்வன் என்றால் கோவலன். சற்று நேரத்தில் அதே சொல் அவன் வாயாலேயே அவன்மேல் வந்து விழுகிறது. முதல் இடத்தில் ‘திருடன்’ என்றோ வேறு சொல்லிலோ சொல்லியிருந்தால் இந்த அடி இத்தனை வலுவாக விழாது. ஒரு சொல்லைத் தேர்ந்தது நடையின் விஷயம். அதை இரண்டு இடங்களில் வைத்து, நடுவில் சிலம்பை உடைத்தது அமைப்பின் விஷயம். இரண்டையும் தனித்தனித் தலைப்பில் எழுதச் சொல்கிறார்கள், எழுதலாம். ஆனால் நல்ல இடங்களில் இரண்டும் ஒரே முடிச்சாகத்தான் கிடக்கின்றன.

உரைநடைக்கு வருவோம். இங்கே நானே ஒரு சின்ன உதாரணத்தை எழுதிக்கொள்கிறேன், வெட்டி ஒட்ட வசதியாக இருக்கும்.

‘கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு அவள் அடுத்த அறைக்குப் போனாள்.’

‘கடிதத்தைப் பிரித்தாள். படித்தாள். மடித்தாள். பெட்டியில் வைத்துப் பூட்டினாள். அடுத்த அறைக்குப் போனாள்.’

‘அவள் அடுத்த அறைக்குப் போய்விட்டாள். கடிதம் பெட்டிக்குள் இருந்தது. பெட்டி பூட்டியிருந்தது.’

மூன்றிலும் ஏறக்குறைய நடந்தது ஒன்றுதான். முதல் வடிவத்தில் வினையெச்சங்கள் ஒன்றோடொன்று சங்கிலியாகப் போகின்றன. படித்தது அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி மட்டுமே, அதற்குத் தனி எடை இல்லை. முற்றுவினை ஒன்றே ஒன்று, அது ‘போனாள்’. கடிதத்தில் என்ன இருந்தது என்று வாசகர் கேட்பதற்குள் அவள் போய்விடுகிறாள். எதையும் வெளியே காட்டாமல் பழகிப்போன ஒருத்தி இதில் தெரிகிறாள். இரண்டாவதில் ஒவ்வொரு செயலும் முற்றுப்புள்ளியோடு நிற்கிறது. ‘படித்தாள்.’ என்ற இடத்தில் ஒரு குழி விழுகிறது, வாசகர் அங்கே நின்று எட்டிப் பார்க்கிறார். வைத்துப் பூட்டினாள் என்பதில் மட்டும் இரண்டு செயல்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வைத்ததற்கும் பூட்டியதற்கும் நடுவில் அவள் யோசிக்கவே இல்லை. மூன்றாவதில் அவளே இல்லை, பொருள்கள்தான் இருக்கின்றன. பூட்டியது யார் என்றுகூடச் சொல்லவில்லை. வாசகர் ஒரு தடயத்தைப் பார்க்கும் நிலையில் இருக்கிறார்.

எந்த வடிவம் சிறந்தது என்று கேட்டால் பதில் கிடையாது. அந்தக் கதைக்கு எது தேவை என்று கேட்கலாம். ஆனால் ஒரு ஆசிரியர் பக்கம் பக்கமாக முதல் வடிவத்தில் எழுதிவிட்டு, ஒரே ஓர் இடத்தில் இரண்டாம் வடிவத்துக்கு மாறினால், அந்த இடத்தில் பென்சிலை வைத்துவிட வேண்டும். ஒருவருடைய வழக்கமான வாக்கியம் எது என்று முதலில் பிடித்துக்கொண்டால், அவர் எங்கே அதை உடைக்கிறார் என்பது தானாகவே கண்ணில் படும். ‘ஆசிரியரின் நடை எளிமையானது’ என்று எழுதுவதைவிட, எந்தப் பக்கத்தில் எளிமை உடைகிறது என்று எழுதுவது ஆயிரம் மடங்கு பயனுள்ளது.

கதைசொல்லி எங்கே நிற்கிறார் என்பதையும் இதே முறையில் பிடிக்கலாம். ‘மகன் நாளைக்கு வந்துவிடுவான் என்று அவள் நம்பினாள்.’ இதில் கதைசொல்லி அவளுக்கு வெளியே நிற்கிறார், ‘நம்பினாள்’ என்ற சொல்லிலேயே அவன் வராமல் போகலாம் என்ற நிழல் விழுந்துவிடுகிறது. ‘மகன் நாளைக்கு வந்துவிடுவான். வராமல் எங்கே போவான்?’ இங்கே ‘என்று நினைத்தாள்’ இல்லை. இது அவள் குரலா, கதைசொல்லியின் குரலா? இரண்டும் கலந்துவிட்டது, வாசகரும் கொஞ்ச நேரம் அவளோடு சேர்ந்து நம்புகிறார். ‘மகன் நாளைக்கு வந்துவிடுவானாம்.’ இந்த ஆம் ஒன்று போதும், ஊர் வாய் முழுவதும் உள்ளே வந்துவிடுகிறது, லேசான நம்பாமையோடு. ஒரு கதையில் எங்கெல்லாம் ‘என்று நினைத்தான்’, ‘என்று தோன்றியது’ வருகிறது, எங்கெல்லாம் அது விடுபடுகிறது என்று குறித்துப் பார்த்தால், ஆசிரியர் யாரை நெருங்கி நிற்கிறார், யாரைத் தள்ளி வைத்திருக்கிறார் என்ற வரைபடமே கிடைத்துவிடும். ஒரே பாத்திரம் ஒரு பத்தியில் அவராகவும் இன்னொரு பத்தியில் அவனாகவும் வந்தால், பார்க்கும் கண் மாறியிருக்கிறது என்று பொருள். உரையாடல் பேச்சு வழக்கிலும் விவரிப்பு எழுத்து வழக்கிலும் இருக்கும் கதைகளில், பேச்சுச் சொல் ஒன்று விவரிப்புக்குள் கசிகிற இடமும் அப்படித்தான்.

அமைப்பைப் பற்றிப் பேசும்போது தொடக்கம், சிக்கல், உச்சம், தீர்வு என்று பெட்டிகளில் போட்டு நிரப்புகிற பழக்கம் இருக்கிறது. 1863இல் ஜெர்மன் எழுத்தாளர் குஸ்டாவ் ஃபிரைடாக் நாடகத்துக்காகச் சொன்ன ஏற்ற இறக்கப் படத்தை எல்லாக் கதைகள்மேலும் மாட்டிவிட்டதன் விளைவு. எனக்கு அதில் அதிகப் பயன் தெரியவில்லை. நடந்த வரிசை ஒன்று, சொல்லப்பட்ட வரிசை ஒன்று என்று, இலக்கியத்தின் வடிவத்தை ஆராய்ந்த ரஷ்ய உருவவியலாளர்கள் பிரித்தார்களே, அது உண்மையிலேயே உதவுகிறது. 1972இல் பிரெஞ்சு விமர்சகர் ழெரார் ழெனெத் அதை இன்னும் நுணுக்கமாக்கி, வரிசை, கால அளவு, எத்தனை முறை சொல்லப்படுகிறது என்று கேட்கச் சொன்னார். இதை ஒரு தாளில் செய்யலாம். கதையின் ஒவ்வொரு பகுதிக்கும் எதிரே ஒரு வரி: இந்தப் பகுதி முடிந்தபோது வாசகருக்குப் புதிதாக என்ன தெரியும், பாத்திரத்துக்கு என்ன தெரியும்? பக்கத்தில் இன்னொரு குறிப்பு: எத்தனை பக்கத்தில் எவ்வளவு காலம் கடந்தது? பத்து ஆண்டுகள் ஒரு வரியில் போய், ஒரு மாலை நேரம் ஆறு பக்கம் எடுத்துக்கொண்டால், ஆசிரியருக்கு எது முக்கியம் என்று அவர் வாயால் சொல்ல வேண்டியதில்லை. சிறுகதைகளில் ‘தினமும் வருவான், திண்ணையில் உட்காருவான்’ என்று பழக்கமாகப் போய்க்கொண்டிருக்கும் விவரிப்பு ‘அன்று’ என்ற சொல்லில் முறியும். அந்த ‘அன்று’ எத்தனையாவது வரியில் வருகிறது என்று பாருங்கள்.

அமைப்புக்கு நான் திரும்பத் திரும்பப் போவது சிலப்பதிகாரத்துக்குத்தான். 3 காண்டம், 30 காதை. புகார்க் காண்டத்தில் 10, மதுரைக் காண்டத்தில் 13, வஞ்சிக் காண்டத்தில் 7. பதினாறாவது, கொலைக்களக் காதை. கோவலன் வெட்டுப்பட்டு விழுகிறான். பதினெட்டாவது, துன்ப மாலை. செய்தி கண்ணகிக்கு வந்து சேர்கிறது. நடுவில் பதினேழாவதாக இளங்கோவடிகள் வைத்திருப்பது ஆய்ச்சியர் குரவை. குடத்துப் பால் உறையவில்லை, ஏற்றின் கண்ணில் நீர் வடிகிறது, ஏதோ வரப்போகிறது என்று சொல்லி ஆய்ச்சியர் குரவை ஆடுகிறார்கள், கண்ணகி பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அந்தக் காதையைத் தூக்கிவிட்டுப் படித்துப் பாருங்கள். பதினாறிலிருந்து நேராகப் பதினெட்டுக்குப் போனால் கதையில் ஒன்றும் குறையாது. நிகழ்ச்சிகளின் தொடர்ச்சி இன்னும் வேகமாகத்தான் இருக்கும். ஆனால் வாசகரிடமிருந்து ஒரு பெரிய விஷயம் பறிபோய்விடும். பதினேழாம் காதை முழுவதும் கண்ணகி தன் கணவன் உயிரோடிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு ஆட்டம் பார்க்கிறாள். நமக்கு மட்டும் தெரியும். நாம் அந்த இடைச்சேரியில் அவள் பக்கத்தில் நின்றுகொண்டு, தெரிந்ததைச் சொல்ல முடியாமல், பாட்டு முடியட்டும் என்றும் முடியாமலே இருக்கட்டும் என்றும் தவிக்கிறோம். பாட்டுகள் இனிமையாக இருக்க இருக்கத் தவிப்பு கூடுகிறது. அந்த இனிமைக்காகவே விவரிப்பு நடையிலிருந்து பாட்டு நடைக்கு மாறுகிறது. துயரத்தைத் துயரச் சொற்களால் கூட்டாமல், தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் நடுவில் உள்ள இடைவெளியால் கூட்டுவதைத் தமிழில் இதைவிடத் துணிச்சலாக யாரும் செய்து நான் படித்ததில்லை.

அந்தப் பாட்டுகளில் திருமாலின் சீரைக் கேளாத செவி என்ன செவி என்று ஒரு வரி வருகிறது. செய்தியை இன்னும் கேட்காத ஒருத்தி பக்கத்தில் இருக்கும்போது, கேளாத செவி. இதைப் படிக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஆனால் இதை ஆதாரம் என்று எழுத நான் தயங்குவேன். கண், செவி, நா என்று அடுக்கிப் பாடுவது பக்திப் பாட்டுக்கு இயல்பான முறைதான், செவி அங்கே வந்தே தீரும். இந்தத் தயக்கத்தைத் தயக்கமாகவே கட்டுரையில் எழுதிவிடலாம் என்பது என் கருத்து.

தேடினால் எதிலும் ஒழுங்குகள் கிடைத்துக்கொண்டே இருக்கும், அதுதான் இந்த வேலையின் ஆபத்து. 1962இல் மொழியியலாளர் ரோமன் யாக்கப்சனும் மானிடவியலாளர் லெவி-ஸ்ட்ராஸும் சேர்ந்து பிரெஞ்சுக் கவிஞர் பொதலேரின் ‘பூனைகள்’ என்ற 14 அடிக் கவிதையைப் பிரித்து வைத்தார்கள். இலக்கண வகை, எதுகை, பெயர்ச்சொல்லின் பால், ஒலி என்று ஒவ்வொன்றிலும் இணைகளையும் எதிர்வுகளையும் காட்டினார்கள். 1966இல் விமர்சகர் மிக்கேல் ரிஃபாத்தேர் அதற்கு எழுதிய மறுப்பின் சாரம் எளிமையானது: இவற்றில் எத்தனை, படிக்கிற ஒருவருக்குத் தட்டுப்படக் கூடியவை? நான் ரிஃபாத்தேர் பக்கம்தான். எண்ணிக் காட்ட முடிகிற எல்லாமே நடை ஆகிவிடாது. ஆனாலும் யாக்கப்சனைப் படிக்காமல் விட்டுவிடாதீர்கள். ஒரு கவிதையை அவ்வளவு பொறுமையாகப் பார்க்க முடியும் என்பதைக் காட்டியவர் அவர்.

தட்டுப்படுவது எது என்ற இந்தக் கேள்வி தமிழுக்குப் புதிதும் இல்லை. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளாக 34ஐ அடுக்குகிறது. மாத்திரை, அசை, சீர், அடி, தொடை ஆகியவற்றோடு கூற்று, கேட்போர், களன், காலம், எச்சம் எல்லாம் அதே பட்டியலில் இருக்கின்றன. யார் பேசுகிறார், யார் கேட்கிறார், எது சொல்லாமல் விடப்பட்டது என்பதை யாப்போடு ஒரே வரிசையில் வைத்த அந்த முடிவு எனக்கு இன்றும் பிரமிப்பாக இருக்கிறது. அந்தப் பட்டியலில் நோக்கு என்று ஓர் உறுப்பு. ‘மாத்திரை முதலா அடிநிலை காறும் நோக்குதற் காரணம் நோக்கெனப் படுமே’ என்கிறது நூற்பா. கேட்பவரைத் திரும்பிப் பார்க்க வைக்கும் காரணம், மாத்திரையிலிருந்து அடி வரை எந்த அளவிலும் இருக்கலாம். பேராசிரியர் என்ற பெயருடைய பழைய உரையாசிரியர் இதற்கு உரை எழுதும்போது அகநானூற்றின் ‘முல்லை வைந்நுனை தோன்ற’ என்ற பாடலை எடுத்துச் சொல் சொல்லாக, இந்தச் சொல் ஏன் இங்கே என்று விளக்கிக்கொண்டு போகிறார். நெருக்கமான வாசிப்பைக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் அந்தப் பகுதியை ஒருமுறையாவது பொறுமையாகப் படிக்க வேண்டும். உரையாசிரியர்களின் மொழி முதலில் முரண்டு பிடிக்கும், பிறகு பழகிவிடும்.

இனி எழுதுவது. குறிப்புகள் சேர்ந்த பிறகு அவற்றைச் சொல், தொடர், உவமை, ஒலி, அமைப்பு என்று தலைப்புத் தலைப்பாகப் பிரித்து எழுதுவதுதான் வழக்கம். நான் படைப்பின் வரிசையிலேயே எழுதுவதை விரும்புகிறேன். முதல் வரியில் என்ன தெரிந்தது, நான்காம் வரியில் அது எப்படி மாறியது, முடிவில் எது திரும்பிப் படிக்க வைத்தது என்று வாசகரின் நேரத்தோடு சேர்ந்து நகர்வது. தலைப்புவாரியாக எழுதினால் குருகின் கால் உவமைப் பகுதியிலும், குருகும் என்ற உம் இலக்கணப் பகுதியிலும் போய்விடும், ஒன்று மற்றொன்றுக்காகக் காத்திருந்ததைச் சொல்ல இடமே இருக்காது. மேற்கோள் சிறியதாக இருக்கட்டும். நான்கு வரியைக் கொடுத்துவிட்டு ‘என்ன அழகு’ என்று நகர்வதைவிட, ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டு அதைப் பற்றி நான்கு வரி எழுதுவது மேல். நீங்கள் மாற்றி எழுதிப் பார்த்த வடிவத்தையும் கட்டுரையிலேயே வையுங்கள். படிப்பவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தானே ஒப்பிட்டுக்கொள்வார், உங்கள் முடிவு தவறென்று பட்டால் மறுக்கவும் அவருக்கு ஒரு பிடி கிடைக்கும்.